புகைக்கு ஒரு வரம்பு

சூரத் நகரத்துப் புடவை நுழையாத வீடு நம்மவரிடையே அரிது. அத்துணிக்குச் சாயமேற்ற நீராவி வேண்டும். நீராவிக்காகக் கொதிகலனில் நிலக்கரி எரிய வேண்டும். அதனின்று எழும் நுண்துகளோ ஊராரின் நுரையீரலில் சென்று தங்குகிறது. இதனைக் குறைக்கக் குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-ஆம் ஆண்டில் ஒரு புதுமுறையைத் தொடங்கியது. வெளிமாநிலங்களில் ஆலைத்தொழிலை நம்பி வாழும் அன்பர்கள் அதனை அறிந்திருத்தல் நலம்.

பழைய விதி, புகைபோக்கியினின்று வரும் ஒரு கன மீட்டர் காற்றில் 150 மில்லிகிராமுக்கு மேல் துகள் இருத்தலாகாது என்றது. ஊரில் எத்தனை ஆலைகள், அவை எத்தனை மணி நேரம் ஓடுகின்றன என்று அது கேட்கவில்லை. அதிகாரி எப்போதாவது வந்து அளப்பார், அவ்வளவே. புதுமுறையோ மொத்தத்தைக் கணக்கிட்டது. பங்குகொண்ட ஆலைகள் யாவும் சேர்ந்து மாதத்திற்கு 280 டன் துகளே வெளியிடலாம் என்று முதலில் வரம்பு கட்டினர். பின்னர் அதனை 170 டன்னாகச் சுருக்கினர். அந்த அளவுக்கே கிலோக் கணக்கில் சீட்டுகள் உண்டு. புகைபோக்கிகளில் ஓயாது அளக்கும் கருவிகளைப் பொருத்தினர். சீட்டுக்கு மிஞ்சிப் புகைவிட்டால், முன்னரே கட்டிய வைப்புத்தொகையிலிருந்து இழப்பீடு பிடிக்கப்படும்.

சீட்டை வாங்கலாம், விற்கலாம். ஓர் ஆலைக்கு ஒரு கிலோத் துகளைப் பிடிக்க 10 ரூபாய் செலவு, பழைய கொதிகலனுள்ள மற்றோர் ஆலைக்கு 40 ரூபாய் என்று கொள்வோம். முதல் ஆலை தன் பங்குக்கு மேலும் தூய்மை செய்து, மிஞ்சிய சீட்டை 25 ரூபாய்க்கு விற்கும். இருவருக்கும் கிலோவுக்கு 15 ரூபாய் ஆதாயம். புகையின் மொத்தமோ கூடுவதில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு ஈண்டு ஓர் ஐயம். இச்சீட்டை 'உரிமை' என்பதா, 'அனுமதி' என்பதா? உரிமை என்றால் காற்றைக் கெடுப்பது ஒருவரது சொத்தாகிவிடும். அனுமதியோ கொடுத்தவரால் குறைக்கத்தக்கது. 280 என்பது 170 ஆனதும் அதனாலன்றோ! 'அனுமதி' என்றே எழுதினேன்.

ஏறக்குறைய 300 ஆலைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆய்வாளர் ஒப்பிட்டனர். சந்தையில் சேர்ந்த ஆலைகளின் துகள் 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்தது, செலவும் குறைந்தது. எனினும், சீட்டு வாங்கிய ஆலையின் மதிலோரம் வாழ்வோர்க்கு இதனால் என்ன ஆறுதல் என்ற வினாவைத் தள்ளிவிடுவதற்கில்லை.

கரியமில வாயுவுக்கு அவ்வினா எழாது; எங்கே வெளிப்பட்டாலும் அது உலகம் முழுவதற்கும் பொது. அதற்கெனவும் இந்திய அரசு 2023-இல் ஒரு வாணிகத் திட்டத்தை அறிவித்தது. ஆயின், அதில் வரம்பு மொத்தத்திற்கன்று. உற்பத்தியாகும் ஒவ்வொரு டன் பொருளுக்கும் இவ்வளவு வாயு என்பதே அதன் கணக்கு. உற்பத்தி பெருகினால் வாயுவின் மொத்தமும் பெருக இடமுண்டு. சூரத்தின் 170 டன் போன்றதோர் எண் அதில் இல்லை.