பார்ப்பவருக்கு இலவசம், பறை அடிப்பவருக்கு?

பறையை அடிக்கும் முன் தீயில் காய்ச்ச வேண்டும். வைக்கோலையோ பழைய செய்தித்தாளையோ கொளுத்தி, அந்த அனலில் தோலைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். தோல் இறுகியதும் அடிகுச்சியால் ஒரு தட்டு. கணீரென்று சத்தம் எழுந்தால் ஆட்டம் தொடங்கும். சேரிக்குப் பக்கத்தில் மட்டுமே பார்த்துப் பழகிய இந்தக் காட்சியை இன்று சென்னையின் கடற்கரையிலும் பூங்காவிலும் கல்லூரி மைதானத்திலும் பார்க்கலாம். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் ஏறித் தாம்பரம் பக்கம் படிக்க வரும் பிள்ளைகள் பலர் நகரத்தில் பறையைக் கேட்பது இப்படித்தான். டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

பார்ப்பவருக்கு இலவசமாக இருப்பது நல்லதுதான். நூறு ரூபாய் டிக்கெட் வைத்தால் வராத கூட்டம் தெருவில் கூடும். ஆனால், ‘இலவசம்’ என்ற சொல்லை நாம் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். பறை தலைமுறை தலைமுறையாக இலவசமாக அடிக்க வைக்கப்பட்ட கருவி.

வழக்கம் என்ற பெயரில்

ஊரில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். விடிய விடிய அடித்தவருக்குக் கிடைத்தது அறுவடைக் காலத்தில் களத்தில் அளந்து போட்ட கொஞ்சம் நெல், ஒரு வேளைச் சோறு, கொஞ்சம் சாராயம். அதைக் கூலி என்று யாரும் சொல்லவில்லை, வழக்கம் என்றார்கள். கூலி என்றால் பேரம் பேசலாம், கட்டுப்படியாகாது என்று மறுக்கலாம். வழக்கத்தை மறுக்க முடியாது. மறுத்தவர்களுக்கு வயல் வேலை நிறுத்தப்பட்டதும், வீடுகள் தாக்கப்பட்டதும் தமிழ்நாட்டின் பல கிராமங்கள் கண்ட உண்மை.

அரசாங்கமும் இந்த வழக்கத்தை நெடுங்காலம் பயன்படுத்திக்கொண்டது. ஊராட்சி அறிவிப்பு, வரி அறிவிப்பு எல்லாவற்றுக்கும் தண்டோரா போட ஒரு தலித் தேவைப்பட்டார். 2022 ஆகஸ்டில்தான் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும் என்பது அதன் சாரம்.

இத்தனைக்கும் பறை பிறப்பிலேயே இழிந்த கருவி இல்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும் தொல்காப்பியம், தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. புறநானூற்றின் 335-ஆம் பாட்டு துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சிறந்த குடியாக எண்ணுகிறது. ‘பறை’ என்ற சொல்லுக்கே ‘சொல்லுதல்’ என்று பொருள். கருவியின் மேல் இழிவை ஏற்றியது பின்னால் வந்த சாதிதான்.

தெரு யாருடையது?

பறையைப் போலவே தெருவும் நமக்கு எளிதில் கிடைத்ததில்லை. 1924-இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், சந்தை, அரசு அலுவலகம் ஆகியவற்றுக்கு ஒடுக்கப்பட்ட மக்கள் செல்வதை யாரும் தடுக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்மானம். அது நிறைவேறியது, அரசாணையும் வந்தது. அவர் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்துக்காரர், நம் மாவட்டத்து மனிதர். தெருவில் நடக்கவே தீர்மானம் தேவைப்பட்ட மக்கள் அதே தெருவில் பறையோடு நின்று கூட்டத்தைக் கூட்டுகிறார்கள் என்றால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நாடகக்காரர்களுக்கும் சட்டம் குறுக்கே நின்றது. தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம், 1954-இன்படி நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீசிடம் காட்ட வேண்டியிருந்தது. ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அனுமதி வேண்டும் என்று யாராவது மிரட்டினால், தெரு நாடகம் போடும் மாணவர்கள் இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளலாம். சாலையை மறித்துப் போடுவதற்கும் ஒலிபெருக்கி வைப்பதற்கும் போலீஸ் அனுமதி தேவைதான். என்ன பேசப் போகிறீர்கள் என்று எழுதிக் கேட்க அந்தச் சட்டம் இப்போது இல்லை.

கீழே போட்டவர்களும் கையில் எடுத்தவர்களும்

பறை விஷயத்தில் நம் மக்களிடையே இரண்டு நிலை உண்டு. ஒன்று, இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே போட்டது. அது தன்மானத்தின் முடிவு. அந்த முடிவுக்காக அடிபட்டவர்கள் பலர். இன்னொன்று, அதே பறையை நமக்காக அடிப்போம் என்று கையில் எடுத்தது. சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன் ‘தன்னானே’ கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போனார். இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டு அவர் குரலில்தான் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்தக் கவிஞர் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது தாம்பரத்துக்குத் தெற்கே ஊரப்பாக்கத்தில். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, ஆண்கள் மட்டுமே அடித்துவந்த பறையைத் தலித் பெண்களின் கையில் கொடுத்தது. 2025-இல் மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இரண்டு நிலைகளும் எதிரெதிரானவை என்று தோன்றலாம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. அடிப்பதா வேண்டாமா என்பதை அடிப்பவர் முடிவு செய்ய வேண்டும்.

நகரம் திறந்த இடங்கள்

சென்னையில் இந்த வழி மெல்லத்தான் திறந்தது. 2007-இல் பொங்கலையொட்டித் தொடங்கிய சென்னை சங்கமம், ஒயிலாட்டத்தையும் கரகத்தையும் பறையாட்டத்தையும் மாநகரப் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு நின்றுபோன அந்த விழா 2023-இல் ‘நம்ம ஊரு திருவிழா’ என்று மீண்டும் வந்தது. பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பத்தில் 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியது. கர்நாடக இசையும் பரதமும் குப்பத்துக்கு வந்தன. பறையும் கூத்தும் அதே மேடையில் ஏறின. 2018 ஜனவரி 6-இல் கீழ்ப்பாக்கத்தில் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் நடத்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர் அது. கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக ஒலித்தன. இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் மேடையிலேயே பாடினார்கள்.

இவற்றில் பார்வையாளர் கட்டணம் கட்டவில்லை. செலவை அரசோ அமைப்போ நன்கொடையாளரோ ஏற்றுக்கொண்டார்கள். இலவசக் கலை நடப்பது இப்படித்தான். யாரோ ஒருவர் கணக்கைத் தீர்க்கிறார். அந்த யாரோ ஒருவர் கலைஞராகவே ஆகிவிடக் கூடாது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இப்போது நடப்பதைப் பாருங்கள். ஒரு கல்லூரி விழா. மேடை, விளக்கு, ஒலிபெருக்கி, வரும் விருந்தினருக்குச் சால்வை, எல்லாவற்றுக்கும் பணம் இருக்கும். பறைக்குழுவிடம் மட்டும், “நம்ம பசங்கதானே, ஒரு அரை மணி நேரம் அடிச்சிட்டுப் போங்க, நல்ல விளம்பரம் கிடைக்கும்” என்பார்கள். நுழைவாயிலில் விருந்தினரை வரவேற்க அடித்துவிட்டு, நிகழ்ச்சி தொடங்கியதும் குழு வெளியே நிற்கும். அழைப்பிதழில் பெயர் இருக்காது. பழைய ஊரின் வழக்கம் புதிய சட்டை போட்டு வந்து நிற்பது இங்கேதான்.

அதனால் பறை கற்கும் மாணவர்கள், யார் அழைத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். சம்பளம் எவ்வளவு, போக்குவரத்துச் செலவு யாருடையது? சாப்பாடு மற்றவர்களோடு ஒரே பந்தியிலா? அழைப்பிதழில் குழுவின் பெயர் வருமா? நண்பரின் கல்யாணத்துக்கோ போராட்டப் பந்தலுக்கோ காசு வாங்காமல் அடிப்பது உங்கள் விருப்பம். விருப்பத்தில் அடிப்பதும் வழக்கத்தில் அடிப்பதும் வேறு வேறு.

கிராமத்துக் கலைஞர்களுக்கு இன்னொரு செய்தி. 2007-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்தால் பிள்ளைகளின் படிப்புக்கும், விபத்து போன்ற நேரங்களிலும் உதவி கிடைக்கும். பறை அடிக்கும் அப்பாவையோ பெரியப்பாவையோ அழைத்துப் போய்ப் பதிவு செய்து வைப்பது படித்த பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை.

தாம்பரம் 2021-இல் மாநகராட்சியானது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள். அதன் மேயர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 2022-இல் வசந்தகுமாரி முதல் மேயரானார். சிட்லப்பாக்கம், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் என்று மாநகராட்சியின் பூங்காக்களும் மைதானங்களும் பரந்து கிடக்கின்றன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு பூங்காவில், அந்தப் பகுதிக் குழுவுக்கு மாநகராட்சி சம்பளம் கொடுத்துப் பறையோ தெருக்கூத்தோ நடத்தலாம். மக்கள் இலவசமாகப் பார்க்கட்டும். கவுன்சிலர் அலுவலகத்தில் மனு கொடுக்க ஒரு வெள்ளைத் தாள் போதும். வார்டு எண்ணையும் பூங்காவின் பெயரையும் எழுதுங்கள். கலைஞருக்கு எவ்வளவு சம்பளம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.