குளிரில் புளிக்கும் மாவு

பட்டர்வொர்த்தில், மாக் மண்டின் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக ஒட்டுக்கடை போட்டுத் தோசை சுடுகிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால், ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவர்களும் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். சாயங்காலம் கரைத்து வைத்த மாவு நடுராத்திரிக்குள் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். பட்டர்வொர்த் வெக்கை அப்படி. நான் படுகிற பாடெல்லாம் மாவு புளிக்க வேண்டும் என்பதற்காக இல்லை, ரொம்பப் புளித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

போன பள்ளி விடுமுறையில் கடையை மூன்று நாள் மூடிவிட்டுக் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போனோம். பிள்ளைகளுக்கு ஸ்ட்ராபெரி பறிக்க வேண்டும். எனக்கு அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும். அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. ரிங்லெட்டுக்கும் ஹாபுவுக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1970-களின் தொடக்கத்தில் அப்பாவைக் கட்டிக்கொண்டு மாக் மண்டினுக்கு வந்தவர், அப்புறம் மலைப்பக்கம் போகவே இல்லை. கேட்டால் “அங்க யாரு இருக்கா இப்ப?” என்பார்.

சிம்பாங் பூலாயில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மலையேறினோம். கம்போங் ராஜா தாண்டியதும் சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். எதிரே முட்டைக்கோசும் கீரையும் ஏற்றிய லாரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. நம் சந்தைக்கு வரும் கோசு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள்.

இந்த மலைக்குப் பெயர் கொடுத்தவர் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர். 1885-இல் இந்தப் பக்கம் வந்தார். அதற்குப் பிறகு நாற்பது வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1925-இல் வெள்ளைக்கார அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் வெள்ளைக்காரர்கள் மலைவாசத்துக்கு ஏற்ற இடமாக இதை ஆக்கத் தொடங்கினார்கள். தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை 1931-இல் முடிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் ஹாபுவில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். காட்டை அழித்த வேலை கைகளாலும் கோவேறு கழுதைகளாலும் ஒரே ஒரு நீராவி உருளை வண்டியாலும் நடந்தது. அந்தக் கைகளில் நிறைய தமிழ்க் கைகள். என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர். கங்காணி ஒருவர் ‘மேலே குளிரா இருக்கும், காய்ச்சல் வராது’ என்று சொல்லிக் கூட்டிப்போனாராம். 1938-இல் மலாயாவுக்குக் கூலியாட்கள் வருவதை இந்திய அரசு நிறுத்தியதும், மலையில் இருந்தவர்களுக்கு ஊரிலிருந்து புதிதாக யாரும் வந்து சேரவில்லை. இருப்பதை வைத்துத்தான் சமைத்தார்கள்.

தானா ராத்தா பெரிய தெருவில் வரிசையாக நம்மவர் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் மத்தியானம் உட்கார்ந்தோம். பத்து மேசை, சுவரில் முருகன் படம், கல்லாப்பெட்டி மேல் ஊதுபத்தி. வாழையிலையில் சோறு, சாம்பார், ரசம், கோசுப் பொரியல், கீரை, பாவக்காய் வறுவல், அப்பளம், கேட்டவர்களுக்கு ஆட்டுப் பிரட்டல். கோசு காலையில் அறுத்ததுபோல் இனித்தது. அம்மா இலையை மட்டும் தடவித் தடவிப் பார்த்தார். சின்ன இலை, ஓரம் கொஞ்சம் கருத்திருந்தது. பரிமாறியவரைக் கேட்டேன். தாப்பா பக்கமிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறது என்றார்.

அப்புறம்தான் இலையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தேங்காய் இந்த உயரத்தில் காய்க்காது. முருங்கை குளிரைத் தாங்காது. கறிவேப்பிலை தழைக்காது. அரிசி, புளி, பருப்பு எல்லாம் கீழேயிருந்துதான். அந்த இலையில் மலையில் விளைந்தது கோசும் கீரையும் மட்டும். மற்றதெல்லாம் நம்மைப்போல வளைவுகளில் தலைசுற்றி ஏறி வந்தவை. லாரி கோசோடு இறங்குகிறது, தேங்காயோடு ஏறுகிறது. தென்னாட்டுச் சாப்பாடு அங்கே தினமும் புதிதாக மலையேறுகிறது.

“எங்க காலத்துல தேங்காய்னா தீபாவளிக்குத்தான். பந்தல்ல சௌசௌ காய்க்கும், அதையே குழம்பு, அதையே கூட்டு. தோசைக்கு வெங்காயமும் மிளகாயும் வச்சு அரைச்ச சட்டினி,” என்றார் அம்மா.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். இதைக் காதில் வாங்கிக்கொண்டே போனவர், சாயங்காலம் நாங்கள் தேத்தண்ணீர் குடிக்க மறுபடி வந்தபோது, “பாட்டி, தோசை ஊத்தவா? வெங்காயச் சட்டினி அரைச்சிருக்கேன்,” என்றார். நான் அவரிடம், “அண்ணே, நானும் தோசைக்கடைக்காரிதான், அடுக்களையைப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கூட்டிப்போனார்.

அடுப்புக்குப் பின்னால் சுவரோரம் இரண்டு அண்டா. சாக்கும் பழைய போர்வையும் சுற்றியிருந்தது. மாவுதான் உள்ளே. மாவு புளிப்பது அரிசியிலும் உளுந்திலும் ஒட்டி வரும் நுண்ணுயிர்களால். லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு அதில் பெரிய பங்கு. அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் வாயுவையும் விடுகிறது. உளுந்தின் பசை அந்த வாயுவைப் பிடித்துவைத்துக்கொள்வதால் மாவு பொங்குகிறது. இதற்கெல்லாம் முப்பது டிகிரி பக்கம் சூடு இருந்தால் சுகம். பட்டர்வொர்த்தில் ராத்திரியில்கூட வெக்கைக்குப் பஞ்சமில்லை. தானா ராத்தாவில் ராத்திரி பதினைந்து, பதினாறு டிகிரிக்கு இறங்கும். போர்வையும் அடுப்புச் சூடும் இருந்தும் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும் என்றார். மழைக்காலத்தில் அதற்கும் மேலே. அவசரத்துக்குச் சோடா உப்புப் போடமாட்டாராம். அவருடைய அப்பா தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டில் சமையல் செய்தவர், போடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பேச்சை இன்றும் காப்பாற்றுகிறார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

சோற்றுக்கும் தனிக் கணக்கு. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று அரிசியை இறக்கினால் நடுவில் விதை இருக்கும். துவரம்பருப்பைக் குக்கரில் போட்டால்தான் மசியும். அதை அம்மா என் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார். “மலையில தண்ணி சீக்கிரம் கொதிக்கும், சோறு சீக்கிரம் வேகாது.” ஏதோ பழமொழி என்று நினைத்துவிட்டிருந்தேன்.

தோசை வந்தது. கல்லிலிருந்து எடுத்தபடி, ஓரம் மட்டும் சிவந்து, நடுவில் கண் கண்ணாக. அம்மா உடனே வாயில் போடவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இது நேத்து அரைச்ச மாவு இல்ல தம்பி. முந்தாநாள்.”

“ஆமா பாட்டி, முந்தாநாள் சாயங்காலம் அரைச்சது.”

நானும் ஒரு துண்டு வாங்கினேன். இத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒரு புளிப்பு நான் கண்டதில்லை. என் மாவின் புளிப்பு நாக்கின் நுனியில் சுருக்கென்று குத்தும். இது குத்தவில்லை, மெதுவாக வந்து கடைசியில் கொஞ்சம் இனித்தது. அவசரப்படாமல் புளித்தால் இப்படி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அம்மா நான்கு தோசை சாப்பிட்டார். வீட்டில் இரண்டுக்கு மேல் தொடமாட்டார்.

மறுநாள் தாப்பா வழியாகவே இறங்கலாம் என்று அம்மாதான் சொன்னார். வழியில் அவர் பிறந்த தோட்டம். வேனைச் சாலையோரம் நிறுத்தினோம். லயம் இருந்த இடத்தை அவரால் அடையாளம் காட்ட முடியவில்லை. சரிவில் இரண்டு பேர் ஒரு இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தேயிலை மேல் வெட்டிக்கொண்டே நடந்தார்கள். இப்போது இந்த மலையில் இலை எடுப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். சாலையோரம் கார்கள் நிற்க, ஆட்கள் தேயிலையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு பேரைப் படத்திலிருந்து விலக்கத்தான் எல்லாரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. என் தாத்தாவையும் அப்படித்தான் விலக்கிவிட்டுப் படம் எடுத்திருப்பார்கள். அம்மா இயந்திரத்தைப் பார்த்து, “நாங்க விரல்ல கிள்ளினோம். ரெண்டு இலை, ஒரு மொட்டு,” என்று பேத்தியின் கையைப் பிடித்துக் கிள்ளிக் காட்டினார்.

தானா ராத்தாவிலிருந்து கிளம்பும்போதே கடைக்காரரிடம் அம்மா ஒரு டம்ளர் மாவு கேட்டு வாங்கியிருந்தார். கடைக்காரர் அதை ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி, மூடி போட்டு, பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். ரிங்லெட் வரைக்கும் அது அசையாமல் இருந்தது. வளைவுகள் முடிந்து தாப்பாவை நெருங்கியபோது ஜன்னல் வழியாக வெக்கை அடித்தது, கூடவே வேனுக்குள் புளித்த வாசம். டப்பா மூடியைத் தூக்கிவிட்டு மாவு பைக்குள் வழிந்திருந்தது. இரண்டு நாளாக மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, கீழே இறங்கியதும் பொங்கிவிட்டது. தைப்பிங் பக்கம் ஓர் ஓய்விடத்தில் நிறுத்தி அம்மாவே அதை வழித்துத் துடைத்தார். இரண்டு கரண்டி மிஞ்சியது.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே உளுந்தும் அரிசியும் அரைத்து, அந்த இரண்டு கரண்டியை அதில் கரைத்தேன். இந்த ஒரு பாத்திரத்தை மட்டும் வெளியில் வைக்கவில்லை. பெரிய பேசினில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டி போட்டு, அதற்குள் இறக்கி வைத்தேன். ஐஸ் கரையக் கரைய நானும் என் மகளும் மாற்றிக்கொண்டே இருந்தோம். மறுநாள் காலை அப்படியே கிடந்தது. மத்தியானம் ஓரத்தில் நான்கைந்து குமிழி. சாயங்காலம் அம்மா வந்து மூடியைத் திறந்து குனிந்து மோந்து பார்த்தார்.

“நாளைக்கு ஊத்து,” என்று சொல்லி மூடிவிட்டுப் போனார்.