ஆக்சிஜன் அடிப்பிடிக்கும் இடம்

2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில், கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய ஹைட்ரஜன் படகைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 2025 ஜூலையில் பெரம்பூர் ஐ.சி.எஃப். ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்தது. புகை கிடையாது, தண்ணீர்தான் வெளியேறும் என்று இரண்டு முறையும் பேச்சு. உண்மைதான். ஆனால் நம் நாட்டில் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. கார்பன் டைஆக்சைடு அந்த ஆலையிலேயே வெளியேறிவிடுகிறது.

இந்த ஹைட்ரஜன் செய்திகளையொட்டி ராஜபாளையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: பிளாட்டினத்துக்கு மாற்று கண்டுபிடித்துவிட்டதாக மாதம் ஒரு செய்தி வருகிறதே, பிறகும் ஏன் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலத்தில் வினையூக்கியாகப் பிளாட்டினத்தையே போடுகிறார்கள்?

சிக்கல் ஹைட்ரஜன் பக்கம் இல்லை, ஆக்சிஜன் பக்கம்தான். அங்கே ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வினையூக்கியின் மேல் வந்து ஒட்ட வேண்டும், பிளவுபட வேண்டும், நான்கு எலக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் வாங்கி நீராக வேண்டும், பிறகு இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். பால் வாணலியைத் தொட்டால்தான் சுண்டும். தொட்ட இடத்திலேயே தங்கிவிட்டால் அடிப்பிடிக்கும். தங்கத்தின் மேல் ஆக்சிஜன் பட்டும் படாமலும் நிற்கிறது, கோவா ஆகாது. டங்ஸ்டனில் பட்டவுடன் அடிப்பிடித்துவிடுகிறது. அடுத்து வருவதற்கு இடமில்லை. பிளாட்டினம் நடுவில் இருக்கிறது, அதிலும் கொஞ்சம் அடிப்பிடிக்கத்தான் செய்கிறது. கோவா மாஸ்டரிடம் சுரண்டிக் கிண்டக் கரண்டி இருக்கிறது, வினையூக்கியிடம் இல்லை. தீயைத் தணிக்கலாம். மின்கலத்தில் அதற்குப் பொருள் மின்னழுத்தத்தை விட்டுக்கொடுப்பது: கணக்குப்படி ஒரு கலம் தர வேண்டியது 1.23 வோல்ட், அதில் 0.3 வோல்ட் அளவுக்கு ஆக்சிஜனைக் கிளப்பிவிடவே போய்விடுகிறது. அல்லது வாணலியையே மாற்றலாம். பிளாட்டினத்தின் மேலடுக்குக்குக் கீழே நிக்கல் அணுக்கள் இருந்தால் மேலே உள்ள பிடி ஒரு துளி தளர்கிறது. அந்த ஒரு துளிக்கு, 2007இல் ஸ்டாமென்கோவிச் என்ற ஆய்வாளரின் குழு அளந்த பிளாட்டினம்-நிக்கல் படிக முகம், அதே வகைத் தூய பிளாட்டின முகத்தைவிடப் பத்து மடங்கு வேகம் காட்டியது. எத்தனை முறை படித்தாலும் அலுக்காத முடிவு இது.

வரலாறு வேண்டுமென்றால்: 1839இல் வில்லியம் குரோவ் இந்த மின்கலத்தைச் செய்துகாட்டினார். பிடி அதிகமும் ஆகாது குறைவும் ஆகாது என்ற விதி, 1912இல் நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் சபாத்தியேயின் பெயரில் வழங்குகிறது.

மாணவியின் கேள்விக்கு விடை சோதனை மேசையில் இருக்கிறது. அவர் ஊருக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூர்-மதுரை சாலையில் கிருஷ்ணன்கோவிலில், 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொருளறிவியல் ஆய்வு நடக்கும் இடம். இந்தத் துறையில் எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் முதல் சோதனை ஒன்றுதான். வினையூக்கிப் பொடியை ஆல்கஹாலில் மை போலக் கலக்கி, சுமார் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கார்பன் வட்டில் ஒரே ஒரு சொட்டு விடுவார்கள். சொட்டு அவசரமாகக் காய்ந்தால் பொடி ஓரத்தில் வளையமாக ஒதுங்கி நடுவே வெறுமையாகிவிடும், அளவீடும் கெட்டுவிடும். சீராகக் காய்ந்த வட்டை ஆக்சிஜன் நிறைந்த கரைசலில் நிமிடத்துக்கு 1600 சுற்று சுழற்றி மின்னோட்டத்தை அளப்பார்கள்.

மாற்றுப் பொடிகளைச் சோதிக்கும்போது அந்தக் கரைசல் பெரும்பாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். காரத்தில் இரும்பு, நைட்ரஜன், கார்பன் கலந்த மலிவான பொடிகள் பிளாட்டினத்துக்கு ஈடுகொடுக்கின்றன. செய்தியாவது இந்த முடிவுதான். படகிலும் ரயிலிலும் உள்ள மின்கலத்தின் சவ்வோ அமிலத்தன்மை கொண்டது. அமிலத்தில் இரும்பு மெல்லக் கரைந்து வெளியேறுகிறது. வினையூக்கியோ வண்டியில் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்க வேண்டிய பொருள்.

இன்னொரு பொறியும் உண்டு. சோதனையில் மின்சுற்றை முடிக்கும் துணை மின்வாயாகப் பிளாட்டினக் கம்பியை வைத்தால், அதிலிருந்து நுண்ணளவு கரைந்து, சோதிக்கப்படும் பொடியின் மேலேயே படியலாம். அப்போது பிளாட்டினமே இல்லாத வினையூக்கி என்று பெயரிட்ட பொருள் நாளுக்கு நாள் திறன் கூடுவதுபோலத் தெரியும். கவனமுள்ள ஆய்வாளர்கள் அந்த இடத்தில் கிராஃபைட் கோலை வைக்கிறார்கள். அடுத்த மாற்று அறிவிப்பு வரும்போது, அந்த மாணவி கட்டுரையின் சோதனை முறைப் பகுதியைத் திறந்து மூன்றைப் பார்க்கட்டும்: காரமா அமிலமா, துணை மின்வாய் எது, எத்தனை மணி நேரம் சோதித்தார்கள்.