டிஎன்ஏ வரையும் முகம் யாருடையது?

1993 மார்ச்சில் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு நகைத் திருட்டுப் புகார் வந்தது. போலீசார் முதனை கிராமத்துக் குறவர் குடியிருப்புக்குப் போய் ஆட்களைப் பிடித்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் வீடு திரும்பவே இல்லை. அவருடைய உடல் பக்கத்து மாவட்டத்தில் ‘அடையாளம் தெரியாத சடலம்’ என்று கோப்பில் ஏறியது. அவர் மனைவி தொடுத்த ஆட்கொணர்வு மனுவும் வழக்கறிஞராக இருந்த கே. சந்துருவின் வாதமும் உண்மையை வெளியே கொண்டுவந்தன. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, போலீசார் தண்டிக்கப்பட்டார்கள். 2021-ல் வந்த ‘ஜெய் பீம்’ படத்துக்கு அடிப்படை இந்த வழக்குதான்.

அறிவியல் கட்டுரையில் இந்தக் கதை எதற்கு? குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் ரத்தத்தையோ எச்சிலையோ வைத்து, அதற்குரியவர் எப்படி இருப்பார் என்று கணித்துப் படம் வரைந்து தரும் தொழில்நுட்பம் வெளிநாடுகளில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. இங்கே வந்தால் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸ் எந்தத் தெருவுக்குப் போகும் என்பதுதான் என் கேள்வி. கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

நம் நீதிமன்றங்களுக்குப் பழக்கமான டிஎன்ஏ சோதனை வேறு வகை. டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரே எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சம்பவ இடத்து மாதிரியையும் சந்தேக நபரின் மாதிரியையும் அருகருகே வைத்து, எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். ஆணா பெண்ணா என்பதைத் தவிர அந்த எண்களில் தோற்றம் பற்றி எதுவும் தெரியாது. ஹைதராபாத்தில் லால்ஜி சிங் வளர்த்தெடுத்த இந்த முறை, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மனித வெடிகுண்டாக வந்த தாணுவின் உடலை உறுதிசெய்ய உதவியது. இதன்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்த பலரை உலகெங்கும் விடுவித்ததும் இதே முறைதான்.

முகம் கணிப்பது வேறு வேலை. இங்கே ஒப்பிட இன்னொரு மாதிரி கிடையாது. நிறத்தையும் வடிவத்தையும் தீர்மானிக்கும் மரபணுக்களில் ஓரெழுத்து மாறியிருக்கிறதா என்று பார்த்து ஊகிக்கிறார்கள். நெதர்லாந்தின் மான்ஃப்ரெட் கைசர், அமெரிக்காவின் சூசன் வால்ஷ் குழுவினர் உருவாக்கிய ‘ஹைரிஸ்பிளெக்ஸ்-எஸ்’ என்ற முறை 41 இடங்களைப் படித்து விழி, முடி, தோல் மூன்றின் நிறத்தையும் சொல்கிறது. நீல விழியையும் பழுப்பு விழியையும் நன்றாகவே பிரித்துவிடும். இடைப்பட்ட நிறங்களில் தடுமாறும்.

ஐரோப்பாவில் அதனால் பயன் உண்டு. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நின்று யோசித்துப் பாருங்கள்: ‘பழுப்பு விழி, கறுப்பு முடி’ என்ற தகவலை வைத்து யாரை விலக்குவது? மிஞ்சுவது தோல் நிறம் ஒன்றுதான். அதிலும் சிக்கல். 2005-ல் வரிக்குதிரை மீனில் கண்டுபிடிக்கப்பட்ட எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணுவின் ஒரு வடிவம் தோலை வெளுப்பாக்குகிறது. அது ஐரோப்பியரிடம் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. இந்தியாவில் வடமேற்கில் அதிகம் என்றாலும் தெற்கிலும் பரவலாகக் காணப்படுகிறது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணனுக்கு இருக்கும், தம்பிக்கு இருக்காது. போதாததற்கு வெயில் வேறு. தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகிலிருந்து இறங்கும் மீனவர் சட்டையைக் கழற்றும்போது கவனியுங்கள். தோள் ஒரு நிறம், முழங்கைக்குக் கீழே இன்னொரு நிறம். எந்த நிறத்தை மரபணு சொல்லும்?

முகத்தின் வடிவத்துக்கு வருவோம். மூக்கு, தாடை, கன்ன எலும்போடு தொடர்புடைய மரபணுப் பகுதிகள் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அமெரிக்காவின் பாராபன் நானோலேப்ஸ் நிறுவனம் போலீசுக்கு விற்கும் படங்களில் வயது 25 என்றும் உடல் பருமன் குறியீடு 22 என்றும் வைத்துத்தான் வரைகிறார்கள். அந்த ஆளின் உண்மையான வயது அந்தப் படத்தில் இல்லை. மீசை, தாடி, தொப்பை எதுவும் இல்லை. நம் பள்ளிச் சான்றிதழ்களில் ‘அங்க மச்ச அடையாளங்கள்’ என்று ஒரு வரி எழுதுவார்களே, இடது புருவத்தின் மேல் தழும்பு, வலது கன்னத்தில் மச்சம் என்று. ஒருவரைக் கூட்டத்தில் பிரித்துக் காட்டுவது அவைதான். அவற்றைச் சொல்ல மரபணுவால் ஆகாது. அது தருவது பெரும்பாலும் ஒரு வம்சாவளியின் சராசரி முகம்.

2022 அக்டோபரில் கனடாவின் எட்மன்டன் போலீஸ், 2019-ல் நடந்த பாலியல் தாக்குதல் ஒன்றில் குற்றவாளி என்று இப்படி ஒரு படத்தை வெளியிட்டது. ஒரு கறுப்பின இளைஞனின் முகம். அந்த ஊரின் கறுப்பின இளைஞர்கள் அத்தனை பேர்மேலும் சந்தேகம் விழும் என்று எதிர்ப்புக் கிளம்ப, இரண்டே நாளில் படத்தை நீக்கி மன்னிப்புக் கேட்டார்கள்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் மறைக்கக் கூடாது. 1999-ல் நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் ஒரு பதினாறு வயதுப் பெண் கொலையானபோது, ஊர் முழுக்க அருகிலிருந்த அகதி முகாமைக் கைகாட்டியது. கொலையாளியின் வம்சாவளி வடமேற்கு ஐரோப்பா என்று மரபணு சொன்னது. 2012-ல் உள்ளூர் விவசாயி ஒருவர் பிடிபட்டார். பழி சுமந்த அகதிகளை அங்கே மரபணு காப்பாற்றியது உண்மை. ஆனால் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007-ல் ஒரு பெண் போலீஸ் சுடப்பட்ட வழக்கில் கதை தலைகீழ். பல ஊர்க் குற்றங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. அவள் கிழக்கு ஐரோப்பியப் பெண்ணாக இருக்கலாம் என்றது ஆய்வு. சந்தேகம் ரோமா மக்கள்மேல் போனது. 2009-ல்தான் தெரிந்தது, அந்த டிஎன்ஏ, மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலைபார்த்த பெண்ணுடையது. சுட்டவர்கள் நவ நாஜிகள் என்பது 2011-ல் வெளிப்பட்டது. ஜெர்மனி 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது விழி, முடி, தோல் நிறத்தையும் வயதையும் அனுமதித்தது, வம்சாவளியை அனுமதிக்கவில்லை.

அந்த எச்சரிக்கை ஐரோப்பாவைவிட நமக்குப் பல மடங்கு பொருந்தும். இந்தியாவில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அகமணம் நடந்துவருவதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சொந்தச் சாதிக்குள்ளேயே கொடுத்து வாங்கியதன் தடம் ரத்தத்தில் பதிந்திருக்கிறது. ஆரிய வைசியர்களிடம், மயக்க மருந்தோடு தரும் ஒரு தசைத் தளர்வு மருந்தை முறிக்கும் நொதியின் குறைபாடு அதிகம் இருப்பது இதற்கு மருத்துவ உதாரணம். மருத்துவருக்கு இது நோயாளியைக் காக்கும் தகவல். அதே வகைத் தகவல் ஸ்டேஷனுக்குப் போனால் ‘இது இன்ன ஆளுங்க வேலை’ என்ற பழைய வாக்கியத்துக்கு ஆய்வக முத்திரை கிடைத்துவிடும்.

இந்த மாகாணத்தில் அது புதிதும் அல்ல. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து சாதிவாரியாகக் குறித்துவைத்தார். போலீசாருக்கு உடல் அளவீட்டுப் பாடமும் எடுத்தார். சாதிகளைப் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909-ல் வெளிவந்தன. 1911-ல் குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பிறப்பாலேயே குற்றவாளி என்று பட்டியலில் ஏற்றப்பட்ட குடிகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். அந்தச் சட்டம் போய்விட்டது. எங்காவது பூட்டு உடைந்தால் குறவர், இருளர் குடியிருப்புகளில் முதலில் ஜீப் நிற்கும் வழக்கம் போகவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது? 2019-ல் மக்களவையில் அறிமுகமான டிஎன்ஏ தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதாவை ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழு ஆராய்ந்தது. தலித்துகள், ஆதிவாசிகள், சிறுபான்மையினர் குறிவைக்கப்படுவார்கள் என்று குழு உறுப்பினர்கள் பினாய் விஸ்வமும் அசதுதீன் ஒவைசியும் மாற்றுக் கருத்து எழுதினார்கள். 2023 ஜூலையில் அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. கையில் இருப்பது 2022-ன் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம். அது ‘உயிரியல் மாதிரிகளும் அவற்றின் பகுப்பாய்வும்’ என்கிறது. எண்களை ஒப்பிடுவதோடு பகுப்பாய்வு நிற்க வேண்டுமா, நிறமும் வம்சாவளியும் பார்க்கலாமா? சட்டம் எல்லை போடவில்லை. போட வேண்டும். வம்சாவளி கணிப்பு புலனாய்வில் கூடாது, வரைந்த முகத்தைப் பொதுவெளியில் ஒட்டக் கூடாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். பெயர் தெரியாமல் பிணவறையில் கிடப்பவரின் குடும்பத்தைத் தேட மட்டும், நீதிபதியின் அனுமதியோடு, விதிவிலக்கு தரலாம்.

அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. அந்தச் சட்டப்படி பதிவுகள் 75 ஆண்டுகள் பாதுகாக்கப்படும். விடுதலையானால் அழித்துவிட வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அந்தச் சலுகை முன்பு தண்டனை பெறாதவருக்கு மட்டும். ஏதோ ஒரு சின்னத் திருட்டு கேஸில், வக்கீல் வைக்க வழியில்லாமல், குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளியே வந்த ஆட்கள் கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் குடியிருப்பிலும் விருத்தாசலம் பக்கத்துக் குறவர் குடியிருப்பிலும் இருக்கக்கூடும். அவர்களுடைய மாதிரி ஒருமுறை பதிவாகிவிட்டால் அடுத்த வழக்கில் நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் அழிப்பதைக் கேட்டுப்பெறும் உரிமை அவர்களுக்கு இல்லை.