சாவி கையில் இருந்தும் வண்டி நகரலையே!



சமையல் குறிப்பும் கோலமும் வரும் இந்தப் பகுதியில் 'செல்ஃப் மோட்டார்' பற்றி எழுதுகிறேனே என்று சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

குரங்கணியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது என் மாமனார் வாங்கிய 1963 மாடல் ஃபோக்ஸ்வேகன். ஆமை ஓடு மாதிரி இருக்குமே, அந்த 'பீட்டில்' கார்தான். இன்ஜின் பின்னால், டிக்கி முன்னால். ரேடியேட்டரே கிடையாது. காற்றுதான் இன்ஜினைக் குளிர வைக்கும். போடிமெட்டு மலைப் பாதையில் மற்ற பழைய வண்டிகள் கொதித்து நின்று தண்ணீர் கேட்கும்போது, எங்கள் வண்டி மட்டும் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டே ஏறிப் போகும். (விசிறி பெல்ட் அறுந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டும். அதுதான் அதற்குத் தண்ணீர்!) உலகம் முழுக்க 2 கோடிக்கும் மேல் விற்ற கார் இது. கடைசி வண்டி 2003 ஜூலையில் மெக்சிகோ நாட்டின் பியூப்லா நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது.

எங்கள் வண்டியில் ரொம்ப நாளாகவே செல்ஃப் சரியாக எடுக்காது. இவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரிவுல நிறுத்துனா உருட்டி விட்டா ஸ்டார்ட் ஆயிருது. எதுக்குச் செலவு?" என்பார். மலையடிவாரம், சரிவுக்கா பஞ்சம்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உருட்டவும் தள்ளவும் ஆண்கள் இருந்தால்தான் அந்த வண்டி ஓடும். எனக்கு லைசென்ஸ் இருந்தும் நான் தனியாக எடுத்துப் போனதே இல்லை.

சென்ற ஆண்டு ஏலக்காய் எடுப்புக் காலம். இவர் தோட்டத்தில் தங்கிவிட்டார். இரவு பதினோரு மணிக்கு என் மாமியார், "ஏத்தா, நெஞ்சை என்னமோ அடைக்குது" என்றார். வியர்த்துக் கொட்டுகிறது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்றைக்குப் பார்த்து வண்டி சமதளத்தில் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே சத்தம். மறுபடியும் 'டிக்'. அவ்வளவுதான்! ஜீப்காரர் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, அத்தையை ஏற்றிக்கொண்டு கிளம்ப முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கடவுள் புண்ணியத்தில் அத்தை பிழைத்தார். "இன்னும் தாமதிச்சிருந்தா சிரமம்மா" என்று டாக்டர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "எனக்கு நகை வேணாங்க. செல்ஃப் மாத்திக் குடுங்க."

மெக்கானிக் ஒருவர் பேட்டரிதான் குற்றம் என்றார். புது பேட்டரி வாங்கியும் அதே 'டிக்'. பிறகு வந்த வயதான எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு மங்கிச் செத்தால் பேட்டரியோ அதன் இணைப்போ சரியில்லை, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. விளக்கு மங்காமலே இருந்தால் கரண்ட் மோட்டாருக்குள் போகவே இல்லை. எங்களுக்கு மங்கியது. பேட்டரி புதுசு, இணைப்புகளையும் சுரண்டித் துடைத்தாயிற்று. அப்புறம் மோட்டார்தானே? கழற்றிப் பார்த்தால் கார்பன் பிரஷ் தேய்ந்து கடுகளவு. தண்டைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்து, உள்ளே சுற்ற வேண்டியது பக்கத்தில் உரசிக்கொண்டு நின்றிருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மோட்டார் வரவழைத்தோம். பொருந்தவில்லை! 1966 வரை வந்த 6 வோல்ட் வண்டிகளின் ஃபிளைவீலில் 109 பல், பிறகு வந்த 12 வோல்ட்டில் 130 பல். அவர்கள் அனுப்பியது பின்னதற்கானது. பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டாமல் எந்த உதிரிப் பாகமும் வாங்காதீர்கள். மிக்ஸிக்கும் இதே சட்டம்தான்.

சரியான மோட்டார் வந்த ஞாயிற்றுக்கிழமை நாங்களே மாட்டினோம். முதலில் பின் சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றினோம். (சீட்டின் ஸ்பிரிங் பேட்டரி முனையில் பட்டால் தீப்பிடிக்கும். மூடி போடாமல் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.) வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் கனமான மரக்கட்டைகளையும் முட்டுக் கொடுத்தோம். மேல் போல்ட்டின் ஒரு முனை இன்ஜின் பக்கம், மறுமுனை வண்டிக்கு அடியில். ஒரே ஆள் செய்ய முடியாது. இவர் கீழே படுத்துக்கொண்டார். நான் பின்னாலிருந்து விசிறிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் கையை நுழைத்து 17ஆம் நம்பர் ஸ்பானரைப் பிடித்தேன்.

"பிடிச்சிட்டியா?"

"பிடிச்சிட்டேங்க, திருப்புங்க."

"விட்றாத!"

வளையல் மாட்டிக்கொண்டதுதான் கஷ்டம். முதலிலேயே கழற்றி வைத்திருக்க வேண்டும். கியர் பெட்டிக்குள் இருக்கும் பழைய புஷ்ஷையும் எடுத்துவிட்டுப் புதுசு அடித்தோம். அதைச் செய்யாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால் பழைய தொல்லை திரும்ப வருமாம். மோட்டார் ஆட்டுக்குழவி கனம்! இரண்டு பேருமாகத் தூக்கி வைத்து முடிக்க மதியம் தாண்டிவிட்டது. அன்றைக்கு வெறும் ரசம் சாதம்தான்.

பிறகு ஒரு நாள் என் மகள் படித்துச் சொன்னாள். முன்னெல்லாம் கார் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் சுற்றித்தான் இன்ஜினைக் கிளப்புவார்களாம். அது திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் ஏராளம். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் செய்த மின் மோட்டார் 1912 மாடல் காடிலாக் காரில் வந்த பிறகுதான், பெண்கள் துணையில்லாமல் கார் எடுப்பது சுலபமானதாம். நம் சென்னை பாடியிலேயே 1961ல் லூகாஸ் டி.வி.எஸ். இத்தகைய மோட்டார்களுக்காகத் தொடங்கப்பட்டது. எங்கள் வீட்டுக்கு மட்டும் அது வந்து சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது!

போன வாரம் அத்தையை உட்கார வைத்துக்கொண்டு நானே போடி வரை போய் மாத்திரை வாங்கி வந்தேன். கடை வாசலில் சமதளத்தில்தான் நிறுத்தினேன்.

- ஒரு வாசகி, குரங்கணி