சருகணி மக்கள் மறவாத மேய்ப்பர்

சேர்வராயன் மலைமீது வாழும் நாம், கோடையில் ஊற்று வற்றும்போதுதான் நீரின் அருமையை உணர்கிறோம். மழை பொய்த்தால் கண்மாய் வறண்டு, வயல் வெடிக்கும் பழைய இராமநாதபுரச் சீமையின் துயரோ இதனினும் பெரிது. அச்சீமையையே தம் இல்லமாகக் கொண்டவர் இயேசு சபைக் குரு லூயிஸ் லெவே அடிகளார்.

பிரான்சு நாட்டில் 1884-இல் பிறந்த அவர், 1908-இல் தமிழகம் வந்தார், 1920-இல் குருவானார், 1943-இல் சருகணிக்கு வந்தார். மறையுரையோடு அவர் பணி முடிந்துவிடவில்லை. குளம் வெட்டும் வேலையை ஊக்குவித்தார். அதனால் ஏழைக்குக் கூலியும், நிலத்திற்கு நீரும் கிடைத்தன. நாடி வந்தவரிடம் அவர் சாதி சமயம் பாராட்டவில்லை.

முதுமையிலும் அவர் சருகணியைவிட்டு அகலவில்லை. 1973 மார்ச் 21 அன்று, 88 வயதில், அங்கேயே இறைவனடி சேர்ந்தார். அவரது கல்லறையில் இன்றும் பிற சமயத்தாரும் கூடி மன்றாடுகின்றனர். புனிதர் பட்டத்திற்கான ஆய்வையும் திருச்சபை தொடங்கியுள்ளது.

நாமோ, பங்குத்தந்தை மாற்றலாகிச் செல்லும் நாளில் மாலையும் பொன்னாடையும் அணிவித்து வழியனுப்புகிறோம். பின்னர் அவர் நோயுற்று ஓய்வில்லத்தில் இருக்கையில் எத்தனை பேர் சென்று காண்கிறோம்? உங்கள் பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளித்த குரு இன்று எங்கிருக்கிறார் என்று விசாரியுங்கள். அப்பிள்ளைகளையே அழைத்துச் சென்று, அவருடன் ஒருபொழுது அமர்ந்திருங்கள். அதனினும் சிறந்த பொன்னாடை அவருக்கு வேறில்லை.