குவீன் ஸ்ட்ரீட்: 7 ஜூலை 1931

வங்காளத்தைச் சேர்ந்த ராம்நாத் பிஸ்வாஸ் (1894–1955) சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பியது சிங்கப்பூரின் இந்தத் தெருவிலிருந்துதான். அப்போது அவருக்கு வயது 37. இளமையில் அனுசீலன் சமிதி என்ற ரகசியப் புரட்சி இயக்கத்தில் இருந்தவர். முதல் உலகப் போரில் படைவீரர். 1920களில் வேலை தேடி மலாயா வந்தார்.

மூட்டை மிகச் சிறியது: ஒரு ஜோடி செருப்பு, போர்த்திக்கொள்ள இரண்டு போர்வைகள். கேரியரில் பஞ்சர், பழுது பார்க்கும் சாமான்கள் அடங்கிய பெட்டி. 'உலகைச் சுற்றும் இந்துப் பயணி' என்ற பொருளில் சைக்கிளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அந்நாளில் வெளிநாடுகளில் 'இந்து' என்ற சொல் மதத்தைக் காட்டிலும் நாட்டையே பெரும்பாலும் குறித்தது.

வழியனுப்ப வங்காளிப் பள்ளிவாசல் முன் இந்தியர்கள் கூடி 'வந்தே மாதரம்' முழங்கினர். சிங்கப்பூர் அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அந்த முழக்கம் வெறும் வாழ்த்து அல்ல.

மலாயா, சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான் வழியாகச் சென்று, கனடாவில் சிறைப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். 1934இல் ஊர் திரும்பியவர், அதே ஆண்டில் மறுபடியும் சைக்கிளில் ஏறினார்.